கென்டக்கியின் 'அனாதைப் படை': பேர் வந்த கதையும் போர் முடிந்த கதையும்

அல்சூர் ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக ஒரு தம்பி வருகிறார். ஆபீஸ் வேலையாக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தவர். லெக்சிங்டன் நகரக் கல்லறைத் தோட்டத்தில் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் என்பவரின் சிலையைப் பார்த்தாராம். அமெரிக்காவின் துணை அதிபராக இருந்தவர், அப்புறம் அதே அமெரிக்காவை எதிர்த்து 'அனாதைப் படை' என்ற கிளர்ச்சிப் படையோடு போனவர் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். "யார் சார் இவங்க? எதுக்கு அனாதைன்னு பேரு? 4,000 பேர் போய் 500 பேர்தான் திரும்பி வந்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டார். கூட்டத்தில் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. அதனால் எழுதியே கொடுக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், அது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்ற முதல் கென்டக்கி பிரிகேட் (சில ரெஜிமென்ட்கள் சேர்ந்த படைப் பிரிவைத்தான் பிரிகேட் என்பார்கள்). அவர்களுடைய சொந்த மாநிலம் வடக்கின் பக்கம் போய்விட்டது. 1862 பிப்ரவரியில் மாநில எல்லையைத் தாண்டித் தெற்கே போனவர்கள், ஒரு படையாக மறுபடி ஊருக்குள் கால் வைக்கவே இல்லை. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'அனாதை' என்ற பேரும், அதைச் சுற்றிக் கட்டிய கண்ணீரும், பெரும்பாலும் போர் முடிந்த பிறகு வந்தவை. ஏன் அப்படி வந்தன என்பதுதான், என்னைக் கேட்டால், சண்டைகளைவிடச் சுவாரசியமான விஷயம்.

கென்டக்கியை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்ற மாநிலம் என்று சொல்லலாம். வடக்கின் அதிபர் லிங்கன், தெற்கின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ், இரண்டு பேரும் பிறந்தது அங்கேதான். 1860 கணக்குப்படி சுமார் பதினொன்றரை லட்சம் மக்கள். அதில் இரண்டேகால் லட்சம் பேர் அடிமைகள். வியாபாரம் வடக்கோடு, சம்பந்தம் தெற்கோடு. போர் வெடித்ததும் 1861 மே மாதம் ஆளுநர் மகாஃபின் "நாங்கள் இரண்டு பக்கமும் இல்லை" என்று அறிவித்தார். இந்த நடுநிலை நான்கு மாதம்கூட ஓடவில்லை. செப்டம்பரில் தெற்கின் தளபதி போல்க் கொலம்பஸ் என்ற ஊரைப் பிடித்தார். பதிலுக்கு வடக்கின் கிராண்ட் பதுகா நகரைப் பிடித்தார். மாநிலச் சட்டமன்றம் வடக்கோடு சேர்ந்துகொண்டது.

அதற்கு முன்பே, தெற்கை ஆதரித்த இளைஞர்கள் சாரை சாரையாக எல்லையைத் தாண்டி டென்னசி மாநிலத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நடுநிலை மாநிலத்தில் ஆள் எடுக்க முடியாது, ஆனால் எல்லையைத் தாண்டிய அடுத்த வயலில் எடுக்கலாம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கூடாது, தாண்டி ஓசூரில் கால் வைத்தால் சரி என்பது மாதிரி. கிளார்க்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் 'கேம்ப் பூன்' என்ற முகாமில்தான் இந்தப் படை பிறந்தது. போர் முழுக்க அதன் முதுகெலும்பாக இருந்தவை 2, 4, 5, 6, 9 என்ற எண் கொண்ட கென்டக்கி ரெஜிமென்ட்கள். 5-வது பின்னால் வந்து சேர்ந்தது. 3-வது ஆரம்பத்தில் இருந்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. கூடவே சில பீரங்கிப் பிரிவுகள். காகிதத்தில் நாலாயிரம் பேர்; களத்தில் எண்ணினால் பாதிக்கும் கீழே.

இவர்களை மேய்க்க வந்தவர்தான் தம்பி பார்த்த சிலைக்காரர். பிரெக்கின்ரிட்ஜ் 36 வயதில் துணை அதிபரானவர். அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை. 1860 தேர்தலில் லிங்கனை எதிர்த்து அதிபர் பதவிக்கு நின்று 72 தேர்வாளர் வாக்குகள் வாங்கினார். ஆனால் சொந்த மாநிலமான கென்டக்கி அவரைக் கைவிட்டு ஜான் பெல் என்பவருக்கு வோட்டுப் போட்டது. படை அனாதை ஆவதற்கு முன்பே தளபதி அரசியலில் அனாதை ஆகிவிட்டார். பிறகு செனட்டராகி, 1861 செப்டம்பரில் கைது செய்யப்படுவோம் என்று தெரிந்ததும் தெற்கே ஓடினார். டிசம்பரில் செனட் அவரைத் துரோகி என்று சொல்லி நீக்கியது. ராணுவப் படிப்பு கிடையாது. ஆனால் ஆளைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும் என்று எதிரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள்.

1861 நவம்பரில் தெற்கு ஆதரவாளர்கள் ரசல்வில் ஊரில் கூடி, கென்டக்கிக்குப் போட்டி அரசாங்கம் ஒன்றை அமைத்தார்கள். ஜார்ஜ் ஜான்சன் என்பவர் ஆளுநர், பவுலிங் கிரீன் தலைநகர். தெற்கின் கூட்டமைப்பும் கென்டக்கியை ஒரு மாநிலமாகச் சேர்த்துக் கொடியில் நட்சத்திரம் வைத்தது. மூன்று மாதத்தில் படை பவுலிங் கிரீனைக் காலி செய்தபோது அந்த அரசாங்கமும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தது. ஏப்ரலில் ஷைலோ சண்டையில் அந்த ஆளுநர் தம் ஊர்ப் பையன்களோடு 4-வது ரெஜிமென்ட் வரிசையில் துப்பாக்கி தூக்கி நின்று, குண்டடி பட்டு மறுநாள் இறந்தார். ஆள நிலம் இல்லாத ஆளுநர் சிப்பாயாகச் செத்தார்.

நடுவில் நடந்ததை வேகமாகக் கடந்துவிடுகிறேன். டொனல்சன் கோட்டையில் 2-வது ரெஜிமென்ட் முழுசாகச் சிறைப்பட்டது. அங்கே சரணடைந்த தளபதி பக்னரும் கென்டக்கிக்காரர்தான். 1854-ல் நியூயார்க்கில் கையில் காசில்லாமல் நின்ற கிராண்டுக்கு உதவியவர் அவர்; எட்டு வருடம் கழித்து அதே கிராண்டிடம் நிபந்தனை இல்லாமல் சரணடைய வேண்டி வந்தது. (கடைசியில் கிராண்டின் சவ ஊர்வலத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தவர்களில் இவரும் ஒருவர். இந்தப் போரில் இப்படிக் கதைகள் நிறைய; உள்ளே நுழைந்தால் வெளியே வர முடியாது.) கோடையில் விக்ஸ்பர்க்கில் மலேரியா, ஆகஸ்டில் பேடன் ரூஜ் சண்டை. அதே இலையுதிர் காலத்தில் தெற்கின் தளபதி பிராக்ஸ்டன் பிராக் கென்டக்கி மேல் படையெடுத்தார். இவர்களும் ஊர் திரும்பப் போகிறோம் என்று பாட்டுப் பாடிக்கொண்டு கிழக்கு டென்னசி வழியாக நடந்தார்கள். எல்லை மலைகளை நெருங்கும் நேரத்தில் செய்தி வந்தது: பிராக் பின்வாங்கிவிட்டார், நீங்களும் திரும்புங்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இந்த வருத்தம் கடைசி வரை அவர்களை விடவில்லை.

இனி பிராக் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் இந்தப் படையின் கதையே இல்லை.

பிராக் கண்டிப்பான ஆள். கென்டக்கிக்காரர்கள் மேல் அவருக்குத் தீராத கோபம்: நான் விடுதலை செய்ய வந்தேன், ஊர் எழுந்து என் பின்னால் வரவில்லையே என்று. அந்தக் கோபத்தை ஏற்கெனவே அவரிடம் சேர்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டினார். வராத ஊருக்காக வந்த பிள்ளை அடி வாங்கினான். 6-வது ரெஜிமென்ட்டில் ஆசா லூயிஸ் என்று ஒரு கார்ப்பரல். அப்பா செத்துப் போய், அம்மாவும் தங்கைகளும் விதைப்புக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று கேட்டு, அனுமதி இல்லாமல் வீட்டுக்குப் போனான். ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. ஷைலோவில் நன்றாகச் சண்டை போட்டவன் என்று பிரெக்கின்ரிட்ஜும் மற்ற அதிகாரிகளும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள். பிராக் அசையவில்லை. 1862 டிசம்பர் 26, மர்ஃப்ரீஸ்பரோ ஊரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மொத்த பிரிகேடையும் நிறுத்திவைத்து அவர்கள் கண் முன்னால் அவனைச் சுட்டார்கள். படை கலகத்தின் விளிம்புக்கே போனது. சட்டப்படி பிராக் செய்ததில் தப்புச் சொல்ல முடியாது. எல்லா ராணுவத்திலும் ஓடிப்போனவனுக்கு அதுதான் கதி. ஆனால் இரக்கம் காட்டக் கிடைத்த இடத்தில் கணக்குத் தீர்த்தார் என்பதுதான் என் எண்ணம்.

ஏழு நாள் கழித்து, 1863 ஜனவரி 2. அதே ஊர், ஸ்டோன்ஸ் ஆற்றங்கரை. ஆற்றுக்குக் கிழக்கே வடக்குப் படை பிடித்திருந்த ஒரு மேட்டைக் கைப்பற்றச் சொன்னார் பிராக். பிரெக்கின்ரிட்ஜ் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கக் கரை இதைவிட உயரம். மேட்டைப் பிடித்தாலும் அங்கிருந்து பீரங்கி வைத்து அடிப்பார்கள் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்பது மாதிரி பிராக்கின் பதில்: உத்தரவு உத்தரவுதான். பிரிகேடை அப்போது நடத்திய ரோஜர் ஹேன்சன், இது கொலை, நான் போய் பிராக்கைச் சுடுகிறேன் என்று கிளம்பினார் என்றும், பிடித்து நிறுத்தினார்கள் என்றும் சொல்வார்கள்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். குளிர்காலப் பொழுது, இருட்ட ஒரு மணி நேரம்தான். மேட்டை அரை மணி நேரத்தில் பிடித்தும்விட்டார்கள். அதோடு நின்றிருக்கலாம். ஓடுகிறவனைத் துரத்தும் வேகத்தில் ஆற்று இறக்கம் வரை போனார்கள். எதிர்க்கரையில் கேப்டன் மென்டன்ஹால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளைச் சக்கரத்தோடு சக்கரம் உரசும்படி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். அவருடைய மேலதிகாரி தாமஸ் கிரிட்டன்டன், இவரும் கென்டக்கிக்காரர். அவருடைய அண்ணன் ஜார்ஜ் தெற்குப் படையில் ஜெனரல். ஒரு மணி நேரத்துக்குள் பிரெக்கின்ரிட்ஜின் மொத்த டிவிஷனில் (சில பிரிகேட்கள் சேர்ந்தது டிவிஷன்) 1,700 பேருக்கு மேல் விழுந்தார்கள். கென்டக்கி பிரிகேடில் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஹேன்சனுக்குக் காலில் குண்டுச் சிதறல். இரண்டு நாள் கழித்து உயிர் போனது. தப்பித்து வந்தவர்களுக்கு நடுவே குதிரையில் போன பிரெக்கின்ரிட்ஜ், "என் பாவப்பட்ட அனாதைகளே!" என்று அழுதார் என்பதுதான் பேர் வந்த கதை.

அழுதாரா, அந்த வார்த்தையைச் சொன்னாரா? மனசு உடைந்து போனார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் போர் நடந்த காலத்துக் கடிதங்களிலும் டைரிகளிலும் இந்தப் பேர் அரிதாகத்தான் தலைகாட்டுகிறது. இந்தப் படையின் வரலாற்றை எழுதியவர் எட் போர்ட்டர் தாம்சன். அதே படையில் இருந்து காயம் பட்டவர். போர் முடிந்து மூன்று வருடத்தில், 1868-ல், அவர் போட்ட புத்தகத்தின் தலைப்பு 'முதல் கென்டக்கி பிரிகேட் வரலாறு'. விரிவாக்கி 1898-ல் மறுபடி போட்டபோது தலைப்பு 'அனாதை பிரிகேட் வரலாறு'. முப்பது வருடத்தில் என்ன மாறியது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஹேன்சனுக்குப் பிறகு பிரிகேடை எடுத்தவர் பென் ஹார்டின் ஹெல்ம். இவர் லிங்கனின் சகலை. லிங்கன் மனைவி மேரியின் தங்கை (அப்பா ஒருவர், அம்மா வேறு) எமிலியைக் கட்டியவர். போர் தொடங்கும்போது லிங்கன் இவரைக் கூப்பிட்டு ராணுவச் சம்பள அதிகாரி வேலை, மேஜர் பதவியோடு கொடுத்தார். சண்டைக்கே போக வேண்டாம், குடும்பத்தோடு பத்திரமாக இருக்கலாம். ஹெல்ம் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தெற்கே போனார். 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா சண்டையில் காலையில் மரத்தடுப்புகளுக்கு எதிரே படையை நடத்திப் போனபோது சுடப்பட்டு, இரவு இறந்தார். அந்தச் சண்டையில் தெற்கு ஜெயித்தது. ஆனால் பிரிகேட் தளபதி போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து லிங்கன் நியூயார்க்கில் இருந்த மனைவிக்கு ஒரு தந்தி அனுப்பினார். செத்த எதிரித் தளபதிகளின் பட்டியல் மாதிரிதான் இருக்கும். அந்த வரிசையில் உன் தங்கை புருஷன் ஹெல்மும் என்று வருகிறது. அரசாங்கத் தந்தியில் அதற்கு மேல் எழுத முடியாதே! நெருங்கியவர்களிடம், பைபிளில் மகன் அப்சலோமின் சாவைக் கேட்ட தாவீது ராஜா மாதிரி இருக்கிறேன் என்று சொன்னார். விதவையான எமிலி கென்டக்கிக்குத் திரும்பும் வழியில், வடக்குக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால்தான் விடுவோம் என்றார்கள். அவர் எடுக்க மறுத்தார். "அவளை என்னிடம் அனுப்புங்கள்" என்று லிங்கன் தந்தி கொடுக்க, டிசம்பரில் வெள்ளை மாளிகையிலேயே தங்கினார். எமிலியின் சின்னப் பெண்ணும் லிங்கனின் மகன் டாடும் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து, யார் நம்ம அதிபர் என்று சண்டை போட்டார்களாம். அவன் அப்பா படத்தைக் காட்ட, இவள் இல்லை, டேவிஸ்தான் என்று அடம்பிடிக்க, லிங்கன் இரண்டு பேரையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லும் கதை. எதிரித் தளபதியின் பெண்டாட்டியை வீட்டில் வைத்திருக்கிறாரே என்று வாஷிங்டனில் பெரிய புகைச்சல். எமிலி 1930 வரை இருந்தார். பழைய சிப்பாய்கள் அவரைப் பிரிகேடின் தாயார் என்று கொண்டாடினார்கள்.

அப்புறம் மிஷனரி ரிட்ஜில் தோல்வி, டால்டன் ஊரில் குளிர்காலம். 1864 மே மாதம் வடக்கின் ஷெர்மன் அட்லான்டாவை நோக்கிக் கிளம்பினார். புதிய தளபதி ஜோசப் லூயிஸின் கீழ் இவர்கள் நூறு நாளுக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் சுடப்பட்டார்கள். மே 28, ஜார்ஜியாவிலுள்ள டல்லஸ் ஊரில் ஒரு தாக்குதல் திட்டம். எதிரி பலமாக இருப்பது தெரிந்ததும் கைவிடச் சொல்லி உத்தரவு போனது. அந்த உத்தரவு இவர்களுக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை. பக்கத்தில் கேட்ட துப்பாக்கிச் சத்தத்தைத் தாக்குதல் தொடங்கியதாக எடுத்துக்கொண்டு தனியாகப் பாய்ந்து, அரைகுறையாகத் திரும்பி வந்தார்கள். எங்கள் வட்டத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். இதைப் படித்துக் காட்டியபோது, "உத்தரவு கொடுத்தா பத்தாது சார், போய்ச் சேர்ந்துச்சான்னு ஆள் வந்து சொல்ற வரைக்கும் அது உத்தரவே இல்லை" என்றார். அதற்கு மேல் எனக்கும் விளக்கம் தெரியாது.

இந்த அட்லான்டா நடைக்குத்தான் பிரபலமான எண்கள் இருக்கின்றன: மே 7 அன்று 1,140 பேராகக் கிளம்பி, செப்டம்பர் தொடக்கத்தில் வேலைக்கு நிற்க முடிந்தவர்கள் 240 பேர், நடுவில் பட்ட காயங்களும் சாவுகளும் சேர்த்து 1,860. ஒரே ஆள் காயம் ஆறித் திரும்பி வந்து மறுபடி அடிபட்டால் இரண்டு கணக்கு, அதனால்தான் ஆட்களைவிடக் காயங்கள் அதிகம். இந்த எண்களை உலகத்துக்குச் சொன்னவர் நதானியேல் ஷேலர் என்ற ஹார்வர்ட் நிலவியல் பேராசிரியர். கென்டக்கியில் பிறந்து, வடக்குப் பக்கம் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். எதிரியே புகழ்கிறாரே என்று பலரும் இதை எடுத்துப் போடுகிறார்கள். அவர் எதற்காக இதைச் சொன்னார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய இனம் அமெரிக்க மண்ணுக்கு வந்தும் வலு இழக்கவில்லை என்று காட்டத்தான் அவருக்கு இந்தப் படை உதாரணமாகத் தேவைப்பட்டது. எண்களும் பிரிகேட் ஆட்களிடமிருந்து வந்தவைதான். இழப்பு பயங்கரம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கடைசி இலக்கம் வரை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

4,000 போய் 500 திரும்பியது என்ற கணக்குக்கும் இதுவே பதில். கடைசியில் சரணடையும்போது கொடியின் கீழ் நின்றவர்கள் சில நூறு பேர்தான். மீதிப் பேர் எல்லோரும் செத்தார்கள் என்று அர்த்தம் இல்லை. சிறையில் இருந்தவர்கள், ஊனமாகி வேலையை விட்டவர்கள், வேறு ரெஜிமென்ட்டுக்குப் போனவர்கள், ஓடிப்போனவர்கள் எல்லோரும் அந்தக் கழித்தலில் அடங்குவார்கள். ஓடிப்போக வழியும் இருந்தது. பிரமாணம் எடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம், பலர் போனார்கள். அதனால் "வீடு திரும்ப முடியாதவர்கள்" என்பது பாதிதான் சரி. திரும்பாமல் இருந்ததில் அவர்களுடைய முடிவும் இருந்தது. அதைப் பிடிவாதம் என்றும் சொல்லலாம், வைராக்கியம் என்றும் சொல்லலாம்.

1864 செப்டம்பர் 1, ஜோன்ஸ்பரோவில் அவர்கள் வரிசை உடைந்து பெரும்பகுதி சிறைப்பட்டது. கைதிகள் பரிமாற்றத்தில் சீக்கிரமே திரும்பினார்கள். அதன் பிறகுதான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வரம் கிடைத்தது: குதிரைப் படையாக மாற்றினார்கள். குதிரை பத்தவில்லை, பலருக்குக் கோவேறு கழுதை. சேணமும் பத்தவில்லை. சுபேதார் ஐயா இந்த இடத்தில் சிரித்துவிட்டார். சேணம் இல்லாத கோவேறு கழுதை மேல் ஏறுவதற்கு எதிரியே தேவலாம் என்றார்.

அவர்களுடைய கடைசிச் சண்டை தெற்கு கரோலினாவில், பாய்கின்ஸ் மில் என்ற இடத்தில், 1865 ஏப்ரல் 18. தெற்கின் பெருந்தளபதி லீ ஒன்பது நாளுக்கு முன்பே சரணடைந்துவிட்டார். லிங்கன் சுடப்பட்டு இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. செய்தி இந்தக் காட்டுக்கு வரவில்லை. இவர்களுக்கு எதிரே நின்ற வடக்குப் படையில் 54-வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டும் இருந்தது. கறுப்பின மக்களைக் கொண்டு அமைத்த புகழ்பெற்ற ரெஜிமென்ட். கென்டக்கியின் வெள்ளைக்காரப் பையன்கள் நான்கு வருடம் சுற்றிவிட்டு, கடைசியாகத் துப்பாக்கியை நீட்டியது முன்னாள் அடிமைகளும் சுதந்திரக் கறுப்பர்களும் சேர்ந்து நின்ற வரிசைக்கு எதிரே. இந்தப் போர் எதைப் பற்றியது என்று இன்னும் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்த மில் கரையைக் காட்டலாம். மே முதல் வாரத்தில் ஜார்ஜியாவின் வாஷிங்டன் என்ற சின்ன ஊரில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அதற்குள் தெற்கின் கடைசிப் போர் அமைச்சராகியிருந்த பிரெக்கின்ரிட்ஜ் ஃபுளோரிடா வழியாகப் படகில் கியூபாவுக்குத் தப்பினார். பொது மன்னிப்பு வந்த பிறகு 1869-ல்தான் ஊர் திரும்பினார்.

சரி, பேர் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் திரும்பியவர்களை யாரும் கல்லால் அடிக்கவில்லை. நேர்மாறாக நடந்தது. போரின்போது கென்டக்கியிலிருந்து வடக்குப் படைக்குப் போனவர்கள், தெற்குக்குப் போனவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அவர்களில் 23,000 பேருக்கு மேல் கறுப்பர்கள். பட்டாளத்தில் சேர்ந்தால் விடுதலை என்று வந்து சேர்ந்தவர்கள். தாங்கள் விசுவாசமாக இருந்த அரசாங்கமே தங்கள் அடிமைகளுக்குத் துப்பாக்கி கொடுத்துவிட்டதே என்று வெள்ளைக் கென்டக்கி கொதித்துப் போனது. அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்தை 1865 பிப்ரவரியில் அந்த மாநிலம் நிராகரித்தது. ஒப்புக்கு ஏற்றுக்கொண்டது 1976-ல். போர் முடிந்த பிறகு கென்டக்கி தெற்கோடு சேர்ந்தது என்று வரலாற்றுக்காரர்கள் கேலியாகச் சொல்வது இதனால்தான். பிரிகேடின் கடைசித் தளபதி லூயிஸ் மாநிலத்தின் தலைமை நீதிபதி ஆனார். டொனல்சனில் சரணடைந்த பக்னர் 1887-ல் ஆளுநர். அதே வருடம் லெக்சிங்டன் நடுவில் பிரெக்கின்ரிட்ஜுக்குச் சிலை. தோற்றவர்கள் பதவிக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இப்போது தேவைப்பட்டது தாங்கள் பட்ட கஷ்டத்தை மட்டும் சொல்லி, எதற்காகப் பட்டார்கள் என்பதைக் கேட்காத ஒரு பேர். 'அனாதை' கச்சிதமாகப் பொருந்தியது. அனாதையிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? தாம்சன் புத்தகத்தின் தலைப்பு மாறியது அந்த முப்பது வருடத்தில்தான்.

அதே கென்டக்கியில், அதே போரில், நிஜமாகவே பிள்ளைகளை இழந்தவர்களும் இருக்கிறார்கள். லெக்சிங்டனுக்குத் தெற்கே கேம்ப் நெல்சன் என்று வடக்குப் படையின் பெரிய முகாம் இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்த கறுப்பர்களின் மனைவி மக்கள் அங்கே குடிசை போட்டுத் தங்கினார்கள். சட்டப்படி அவர்கள் இன்னும் அடிமைகள். 1864 நவம்பர் கடைசியில், கடுங்குளிரில், முகாம் தளபதி அவர்களில் 400 பேரை வண்டியில் ஏற்றித் துரத்தி, குடிசைகளை இடிக்கச் சொன்னார். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஜோசப் மில்லர் என்ற சிப்பாய் கொடுத்த பிரமாண வாக்குமூலம் ஆவணமாக இருக்கிறது. உடம்பு சரியில்லாத ஏழு வயது மகனை இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினார். ஏறாவிட்டால் சுடுவேன் என்றான் காவல்காரன். இரவில் தேடிக்கொண்டு ஆறு மைல் நடந்து நிக்கலஸ்வில் போனார். ஒரு பழைய கூடத்தில் குடும்பம் குளிரில் கிடந்தது; பையன் செத்துப் போயிருந்தான். இரவோடு இரவாக முகாமுக்குத் திரும்பிவிட்டு, மறுநாள் மறுபடி நடந்து போய்த் தன் கையால் குழி தோண்டிப் புதைத்தார். சில வாரங்களில் மில்லரும் மீதிக் குடும்பமும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்து எழுந்த கோபத்தில்தான், 1865 மார்ச்சில் கறுப்புச் சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று வாஷிங்டனில் சட்டம் வந்தது.

தம்பி பார்த்த சிலை 2017 வரை லெக்சிங்டன் நகர நடுவில் நின்றது. அந்த இடம் போருக்கு முன்னால் அடிமைகளை ஏலம் விட்ட சந்தை. நகராட்சி அதை எடுத்து, அடுத்த வருடம் கல்லறைத் தோட்டத்தில் பிரெக்கின்ரிட்ஜ் புதைந்திருக்கும் இடத்தின் பக்கம் வைத்தது. கேம்ப் நெல்சனை அதே 2018-ல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள். லெக்சிங்டனிலிருந்து நிக்கலஸ்வில் வழியாகக் காரில் அரை மணி நேரம்தான். மறுபடி ஆபீஸ் அனுப்பினால் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள் தம்பி. சிப்பாய்களின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது, அரை நாளாவது வேண்டும்.